மூன்றாவது அர்த்தம்

"கதவுல என்னா எழுதியிருக்கு ருக்கு?"

இருளப்பன் வாசலிலேயே நின்றுவிட்டான். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு வந்தவன் கையில் கத்தி அப்படியே இருந்தது. கவ்வாத்துக்காரர்களுக்கு வேலை சீக்கிரம் முடிந்துவிடும். கொழுந்து பறிக்கிறவர்கள் இன்னும் மலையில்தான் இருந்தார்கள். லயத்து வரிசை வீடுகளில் ஆள் அரவமே இல்லை. மூன்று மணிக்கே பனி இறங்கி, பக்கத்து வீடுகூடத் தெரியவில்லை.

அவன் வீட்டுக் கதவு மட்டும் தெரிந்தது. அதில் சிவப்புப் பெயிண்டில் பெரிது பெரிதாக ஒன்பது இங்கிலீஷ் எழுத்துகள். ஈரத்தில் காயாமல் ஒழுகிக்கொண்டிருந்தன.

அவன் மனைவி ருக்குமணி அடுப்புப் பக்கத்தில் அகராதியும் நோட்டுமாக உட்கார்ந்திருந்தாள். அடுத்த மாதம் தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் அட்டெண்டன்ட் வேலைக்கு அவளுக்கு இண்டர்வியூ. தினமும் பத்து வார்த்தை. அர்த்தம் பார்த்து எழுதி, வார்த்தைக்கொரு வாக்கியம் அமைத்துவிட்டுத்தான் சோறு. அகராதி அவள் அண்ணன் முனியாண்டி வாங்கிக் கொடுத்தது. அவன் செத்து மூன்று வருஷம் ஆகிறது. பனியில் கால் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்துவிட்டான் என்று, கூட நடந்து வந்த இருளப்பன்தான் ஓடிவந்து சொன்னான்.

"காலையில தோட்டத்துப் பெரிய துரை வந்தாருங்க. கூட காக்கி உடுப்புல ரெண்டு பேரு. அவங்கதான் எழுதிட்டுப் போனாங்க."

"காக்கியா? போலீசு மாத்தாவா?"

"யாரு கண்டா. வீட்டையே உத்து உத்துப் பாத்தாங்க. யாரு குடியிருக்கான்னு கேட்டாங்க. உங்க பேரச் சொன்னேன், எழுதிக்கிட்டாங்க."

இருளப்பன் பயந்த சுபாவம் உள்ளவன் இல்லை. தேயிலைச் செடிக்குள் கிடக்கிற பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கி எறிகிறவன். ஆனால் இப்போது திரும்பித் திரும்பிப் பனிக்குள் பார்த்தான்.

"என்னா வார்த்த அது?"

"கண்டெம்ட்."

"கண்டமா?" போன தைப்பூசத்தில் ஜோசியக்காரர் அவன் கையைப் பார்த்துவிட்டு, ஒரு கண்டம் இருக்கிறது என்று சொல்லி உதட்டைப் பிதுக்கியிருந்தார்.

"கண்டம் இல்லீங்க, கண்டெம்ட். இங்கிலீஷு. தண்ணி காயுது, குளிச்சிட்டு வாங்களேன்."

"குளிக்கிறது கெடக்கட்டும். மொதல்ல அர்த்தத்தப் பாரு லா."

அவள் நிதானமாகப் பக்கம் புரட்டினாள். "சொல்லு எங்க நிக்குதுன்னு பாத்துத்தான் அர்த்தம் எடுக்கணும்னு அண்ணன் சொல்லும். இந்தா இருக்கு. 'குற்றவாளி என்று தீர்ப்பாகி, மரண தண்டனை விதிக்கப்பட்ட.' தூக்குல போடப் போறவங்களச் சொல்றதாம்."

"வேற அர்த்தம் இல்லியா?"

"ரெண்டாவது, 'பலராலும் கண்டிக்கப்பட்ட.' அதப் போயி யாராச்சும் கதவுல எழுதுவாங்களா?" அவள் கட்டைவிரல் அந்த வரிக்குக் கீழேயே அழுந்தியிருந்தது. "வீடு மாத்தி எழுதிட்டாங்க போல. நாம யாரக் கொன்னோம்?"

கத்தி கீழே விழுந்தது. இருளப்பன் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு, அதிலேயே முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான்.

"துணிய எடுத்து வையி. கோலா தெர்லா போயி காய்கறி லோரியில ஏறிடுறேன்."

"எதுக்குங்க?"

அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். "ஒங்கண்ணன் வழுக்கி விழல ருக்கு."

அடுப்பில் தண்ணீர் கொதித்தது.

"ஒன்ன தானா ராத்தாவுக்குக் கூட்டிட்டுப் போயிப் படிக்க வைக்கப் போறதா சொன்னான், இனிமே நீ எங்கூட வாழ மாட்டேன்னான். கோவத்துல நெஞ்சுல கைய வச்சுத் தள்ளிட்டேன். சாகணும்னு தள்ளல, ஆத்தா சத்தியமா. கீழருந்து எம்பேரச் சொல்லிக் கூப்பிட்டான். பனியில ஒண்ணுந் தெரியல. பயந்து ஓடியாந்துட்டேன்."

"எவ்வளவு நேரம் கூப்பிட்டுச்சு?"

"பாலம் வர்ற வரைக்கும் கேட்டுச்சு."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் வரவில்லை. அதைப் பார்க்க அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

வெளியே யாரோ பேசிக்கொண்டு வருகிற சத்தம். அவன் பதறி எழுந்து கதவை ஒரு விரற்கடை திறந்து பார்த்தான். கொழுந்துக் கூடையோடு பெண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள், வேறு யாரும் இல்லை. பனி விலகியிருந்தது. எதிர் வீட்டுப் பாஞ்சாலையின் கதவில் அதே சிவப்பு எழுத்து. அதற்கு அடுத்த கதவிலும், அதற்கு அடுத்ததிலும். லயத்தின் அத்தனை கதவிலும்.

இருளப்பன் மெல்லத் திரும்பினான்.

ருக்குமணி அகராதியிலிருந்து கட்டைவிரலை எடுத்தாள். "மூணாவது அர்த்தம் ஒண்ணு இருக்கு. 'குடியிருக்க லாயக்கற்றது என்று முடிவாகி இடிக்கப்பட வேண்டிய கட்டடம்.' புது வீடு கட்டித் தரப் போறாங்கன்னு காலையிலேயே ஆபீஸ் கிராணி வந்து சொல்லிட்டுப் போயிட்டாரு."

நோட்டை மூடி வைத்துவிட்டு அவனை நேராகப் பார்த்தாள்.

"மூணாவது அர்த்தம் வீட்டுக்கு. மொத அர்த்தம் உனக்கு."