அணுயுகம் வந்த முன்னறை

மனுக்குலம் கவனிக்க: அம்பிட்டியவில் ஒரு வீட்டு முன்னறையில் அணுயுகம் பிறந்துவிட்டது. தைரொயிட் நோய்க்குக் கதிர்வீச்சு அயடீன் குடித்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பஸ்லினா மூலைக் கதிரையில் இருக்கிறாள். அவள் மடிக்குப் போக மூன்று வயது மகள் திமிறுகிறாள்; புருஷன் ரஸீன் வாசலில் பிடித்து வைத்திருக்கிறான். ரஸீனின் தம்பி, விஞ்ஞான டியூஷன் மாஸ்டர் பவாஸ், நடுவில் நின்று முழங்குகிறார்: "அல்பாவைக் கடதாசி மறிக்கும், பீட்டாவை அலுமினியம் மறிக்கும், காமாவுக்கு ஈயம் வேணும்!" சகோதரர்களின் உம்மா பழைய பேப்பரும் அலுமினியச் சோத்துப்பானை மூடியுமாகக் குழம்பி நிற்கிறார். மூடியில் பட்ட வெயில் பஸ்லினாவின் முகத்தில் நடுங்குகிறது. "இவட உடம்புல எந்தக் கதிர் ஈக்கிது மகன்?" பவாஸ் கண்ணாடியைத் துடைக்கிறார். "அது பாடத்திட்டத்துல இல்ல உம்மா." "டொக்டர் கொஞ்ச நாள் தள்ளி இருக்கத்தான் சொன்னார்" என்கிற பஸ்லினாவின் குரல் யாருக்கும் கேட்கவில்லை. மகள் அழுதழுது வாசலிலேயே தூங்கிப்போகிறாள்.