நின்றுபோன மாடல்

செண்பகவல்லிக்கு நான்கு வயதில் காதுக்கு மேலே கீறி, தலைக்குள் ஒரு சின்னக் கருவியைப் பதித்தார்கள். காதுக்குப் பின்னால் மாட்டுகிற இன்னொரு கருவி ஒலியை அனுப்பினால்தான் அது எதையும் கேட்க வைக்கும். இருபத்தேழு வருடங்களாக மழையும் மனிதர்களும் அவளிடம் அந்த வழியாகத்தான் வந்தார்கள். ஒரு வாரமாக வெளிக்கருவி விட்டுவிட்டுக் கேட்டது. சர்வீஸ் சென்டர் இளைஞன் அதைத் திறந்து பார்த்தான். பிறகு மூடி அவளிடமே கொடுத்தான். அவள் மாட்டிக்கொண்டாள்.

"இந்த மாடலை நிறுத்திட்டாங்கக்கா. பார்ட்ஸ் எங்கயும் கிடைக்காது."

"அப்ப புதுசு குடுத்துருங்க தம்பி."

"புதுசு உங்க தலைக்குள்ள இருக்கிற பழசோட சேராதுக்கா. அதை எடுத்துட்டு வேற வைக்கணும். வச்சாலும் பழையபடி கேக்கும்னு டாக்டரே உறுதியா சொல்ல மாட்டாரு."

"பாப்பா இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கா. இது இன்னும் எத்தனை நாள் ஓடும்?"

அவன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான். பதில் சொன்னானா, இல்லையா? அவன் உதடுகள் தெரியவில்லை. மின்விசிறியின் இரைச்சல்கூட நின்றுவிட்டிருந்தது. அண்ணாந்து பார்த்தாள். அது சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கருவியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, "தம்பி" என்று மெதுவாகத்தான் கூப்பிட்டாள்.

கூடத்தில் காத்திருந்த அத்தனை பேரும் திடுக்கிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.