ஆடி முப்பத்தொன்று

மூன்றாம் முறையும் எண்ணினாள்.

தினசரிக் காலண்டரிலிருந்து நாள்தோறும் கிழித்துச் சேர்த்த தாள்கள். ஆடி இரண்டு முதல் இன்றைய ஆவணி ஒன்று வரை.

முப்பத்தொன்று.

கோர்ட்டு வராந்தாவில் பெஞ்சின் மறுமுனையில் யாரோ தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்தார்கள்.

செண்பகவல்லி அத்தை வீட்டை இவள் பெயருக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். பதிவு செய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். பத்து வருடம் எட்டிப் பார்க்காத மகன் வந்து, அது அம்மாவின் கையெழுத்தே இல்லை என்றான்.

சார்பதிவாளர் பதிய மறுத்தார். மேல்முறையீட்டில் மாவட்டப் பதிவாளரும் மறுத்தார். அந்த உத்தரவு போட்டுக் கையில் கொடுத்த நாள் ஆடி ஒன்று.

முப்பது நாளுக்குள் கோர்ட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

ஆடியில் தொடங்கிய காரியம் எது விளங்கியிருக்கிறது என்று அம்மா கேட்டாள். ஆவணி பிறக்கட்டும் என்றாள்.

இவளுக்கு அதில் நம்பிக்கை இல்லை. மறுத்துச் சொல்லவும் இல்லை.

மாதம் என்றால் முப்பது நாள்தானே.

அத்தையின் பழைய கையெழுத்துகள் பதினான்கைத் தேடி எடுத்தாள். வங்கிச் சீட்டு, கேஸ் சிலிண்டர் ரசீது, தபால் பாஸ்புத்தகம். தேதி வாரியாக அடுக்கி அட்டவணை போட்டாள். ஒவ்வொன்றையும் மூன்று தடவை சரிபார்த்தாள்.

இன்று காலை வக்கீல் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார். இவ்வளவு சுத்தமாக யாரும் கொண்டுவந்ததில்லை என்றார்.

கடைசியாகத்தான் உத்தரவின் தேதிக்கு வந்தார். விரல் அங்கேயே நின்றது.

"நேத்து வந்திருந்தாப் போதுமேம்மா."

இந்த வழக்கில் தாமதத்தை மன்னிக்க வழியில்லையாம். சட்டப் புத்தகத்தையும் எடுத்துக் காட்டினார்.

நேற்று.

ஆடியின் கடைசி நாள். பகல் முழுவதும் வீட்டில்தான் இருந்தாள்.

அட்டவணைக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. அம்மா. பின்னால் வாளி உருளும் சத்தம். ஏணியை இழுக்கும் சத்தம்.

"நல்லபடியாக் குடுத்தாச்சா பிள்ள? ஆவணி பொறந்தாச்சுன்னு பெயின்டருக்குச் சொல்லி விட்டேன், வந்துட்டான். அத்தை ரூமுக்கு என்ன கலருன்னு கேக்கான்."

தாள்களின் ஓரங்களைத் தட்டிச் சீராக்கினாள். கிளிப்பை மாட்டினாள்.

பக்கத்தில் சாப்பிட்டவர் பொட்டலத்தை மடித்துக்கொண்டு எழுந்து போனார்.

"பிள்ள, கேக்குதா?"

அத்தைக்குப் பிடித்த நிறத்தைச் சொன்னாள்.