உள்கைப்பிடி இல்லாத வேன்

"உள்ளேருந்து எவளும் தெறக்கக் கூடாது," என்றார் மில் சூப்பர்வைசர் தணிகாசலம். மில்லுக்குப் பெண்களை ஏற்றிவரும் பழைய வேனுக்கு ரிமோட் லாக் மாட்டிய செல்லப்பாண்டி, அவர் சொன்னபடியே உள்கைப்பிடிகளைக் கழற்றினான். ஜன்னல்களிலும் டிரைவர் சீட்டுக்குப் பின்னாலும் ஏற்கெனவே கம்பி இருந்தது. போன சித்திரையில், வெளியே பூட்டுப் போட்ட இதே வேனுக்குள் வலி கண்டு, "கதவத் தெறங்க சார்" என்று மில் வரும்வரை கதறிப் பிள்ளையை இழந்தவள் அவன் மனைவி பூரணம். தணிகாசலத்துக்கு அது நினைவில்லை.

"நீங்களே உள்ள உக்காந்து ஒரு தடவ பாத்துருங்க சார்."

பெண்கள் உட்காரும் பின்பக்கம் ஏறினார். பொத்தானை அழுத்தினான். எல்லாக் கதவுகளும் டக்கென்று ஒன்றாகப் பூட்டிக்கொண்டன.

"பிரமாதம்டா. தெற."

உச்சி வெயில். சோறு கொண்டுவந்த பூரணத்தின் கையில் ரிமோட்டை வைத்தான். வேனுக்குள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது. அவள் ரிமோட்டை மடியில் போட்டுக்கொண்டு தூக்குவாளியைத் திறந்தாள்.

"நிதானமாச் சாப்பிடுங்க," என்றாள்.