மங்கலான கழுகு

மலேசியாவின் மெர்சிங் படகுத்துறையில் எடுத்த கழுகின் பன்னிரண்டாவது படமும் மங்கலாகவே வந்தது.

"ஆட்டத்த அடக்குற ஸ்டெபிலைசர் கேமரால இருந்தா பத்தாது, தேனு. லென்ஸ்லயே உள்ளது வாங்கணும்," என்றான் ஹேமநாதன்.

"கேமரால இருந்தா போதும்னுதான போன வருஷம் இத வாங்குனீங்க?" என்றாள் மனைவி தேன்மொழி.

"இது தூரத்து லென்ஸ்லா! சின்ன ஆட்டமும் பெருசாத் தெரியும்."

"சரி, வாயத் திறக்காம ஒண்ணு எடுங்க."

எடுத்தான். இறகு ஒவ்வொன்றும் துல்லியமாகத் தெரிந்தது.

"அலமாக்! எப்படி?" என்று வியந்தான்.

அவன் வீட்டில் மறந்துவிட்டு வந்த ஸ்டாண்டுக்குப் பதிலாக, காலையிலிருந்து அந்த லென்ஸைத் தாங்கிய தன் தோளைத் தேய்த்துக்கொண்டாள் தேன்மொழி.

"பக்கத்துல பேசுனா ஸ்டாண்டுக்குக் காது கூசாதுங்க. எனக்குக் கூசி உடம்பே நெளியுதுலா!"