ரெக்கார்ட் ஆகுது

கடைக் கண்ணாடி வழியே சாயும் வெயிலில் புது ஹெட்ஃபோனின் கறுப்பு மினுங்குகிறது. அக்கா கண்ணை மூடியிருக்கிறாள். அந்தக் காலத்தில் ரேடியோ முன்னால் டேப்ரெக்கார்டரை வைத்துப் பிடித்த பாட்டு, இப்போது போனிலிருந்து அவள் காதில் ஓடுகிறது. நடுவே, "வாய மூடுங்க, ரெக்கார்ட் ஆகுது!" என்று அப்பா அதட்டுவது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. அவர் குரலில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான். "அன்னைக்கு சத்தம் போட்டதே அவர் ஒருத்தர்தான்க்கா," என்று தம்பி சிரிக்கிறான். கடைக்காரர் உள்ளங்கையளவு ஆம்ப்ளிஃபையரை இணைக்கிறார். அக்கா குமிழைத் திருகுகிறாள். டேப்பின் இரைச்சல் மழைபோல் பெருக, அப்பா காதோரம் வந்து அதட்டுகிறார். "பழைய ரெக்கார்டிங்குக்கு இது தண்டம்மா, இரைச்சல்தான் கூடும்," என்கிறார் கடைக்காரர். "கூடட்டும்ணா. பில் போடுங்க." தம்பி ஏதோ சொல்ல வாயெடுக்கிறான். "வாய மூடுடா," என்கிறாள் அக்கா, கண்ணைத் திறக்காமல்.