காத்திருக்கும் நேரத்தின் மதிப்பு

"சிகிச்சைக்கு வர்ற இளம் வயதினர் எவ்வளவு நேரத்தை இழக்கறாங்க, அதோட மதிப்பு என்னன்னு ஆராய்ச்சி பண்றேன்" என்றாள் ஜெயப்பிரியா.

நாமக்கல் ஆஸ்பத்திரி ஒன்றில், பல் டாக்டர் அறைக்கு வெளியே தாடையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள் பிளஸ் டூ மாணவி நித்யஸ்ரீ. பக்கத்தில் அவள் அம்மா.

"இங்க வரலைன்னா இந்நேரம் என்ன பண்ணிட்டிருப்பே?"

"ஹாஸ்டல்ல கெமிஸ்ட்ரி டெஸ்ட்டுங்க்கா. அப்புறம் நீட் டெஸ்ட். அதுல தப்பு பண்ணுனதுக்கு இன்னொரு டெஸ்ட்."

"அடப்பாவமே! நீங்கம்மா?"

"தறி ஓட்டிட்டிருப்பேன் சாமி. ராசிபுரத்துல இருந்து பஸ்ல வந்தேன்."

இரண்டு பேருடைய நாளும் வீணாகிறதே! ஜெயப்பிரியா நர்ஸிடம் கெஞ்சி, அடுத்து இவர்களையே கூப்பிட ஏற்பாடு செய்துவிட்டுப் பெருமையோடு வந்து சொன்னாள்.

அப்போதுதான் டிபன் டப்பாவைத் திறந்திருந்த அம்மாவின் முகம் வாடிப்போனது.

"ஏனுங்க்கா இப்படிப் பண்ணிட்டீங்க?" தாடையிலிருந்து கையை எடுத்தாள் நித்யஸ்ரீ. "பரீட்சை முடியற வரைக்கும் ஹாஸ்டல்ல அம்மாவைப் பாக்க உடமாட்டாங்க. ஆஸ்பத்திரின்னா மட்டுந்தான் கூப்புடுவாங்க. என்ற பல்லு நல்லாத்தான் இருக்குது!"

ஜெயப்பிரியா நர்ஸ் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"சரி, போச்சாதுங்க, உடுங்க. நீங்கதான் எல்லா டாக்டர் ரூமு வாசல்லயும் கணக்கெடுத்திருப்பீங்களே. அடுத்த மாசம் எங்க வலிக்குதுன்னு சொன்னா ரொம்ப நேரம் காக்க வெப்பாங்க?"

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஜெயப்பிரியா அவள் காதருகே குனிந்தாள்.

"முதுகுன்னு சொல்லு. எலும்பு டாக்டர் மத்தியானம் சாப்பிடப் போனா சாயங்காலந்தான் வருவார்."